ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை

தன் முதுகில் ஆயிரம் அழுக்கை வைத்துக்கொண்டு அடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கிறவனைக் கண்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் "ஈயத்தைப் பார்த்து இளிச்சுதாம் பித்தளை" என்பார்கள். இந்தப் பழமொழியை இந்த வாரம் ஒரு கணினி விளையாட்டுக்குள் வைத்துப் பார்க்கப் போகிறேன். விளையாடுகிற பிள்ளைகளுக்கும் அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிற பெற்றோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இருவருமே படிக்கலாம்.

விளையாட்டின் பெயர் 'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்'. தமிழில் குள்ளர் கோட்டை என்று வைத்துக்கொள்வோம். ஏழு குள்ளர்கள் ஒரு வண்டியோடு மலையடிவாரத்தில் வந்து இறங்குவார்கள். அவர்களை வைத்துச் சுரங்கம் வெட்டி, பயிர் வைத்து, உலை மூட்டி, மண்ணுக்கு அடியில் ஓர் ஊரையே உண்டாக்க வேண்டும். வெற்றி என்று ஒன்று இதில் இல்லை. கோட்டை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் கணக்கு.

தார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் செய்த விளையாட்டு இது. தார்ன் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இணையத்தில் இலவசமாக விட்டார்கள். விளையாடியவர்கள் அனுப்பிய நன்கொடையில்தான் பல ஆண்டுகள் காலம் தள்ளினார்கள். 2012இல் நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் 14 கணினி விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது இதுவும் அதில் இருந்தது. 2022 டிசம்பரில் படங்களோடு கூடிய பதிப்பு 'ஸ்டீம்' தளத்தில் விற்பனைக்கு வந்தது. எழுத்துக்குறிகளால் ஆன பழைய பதிப்பு இன்றும் இலவசம்தான். கையைச் செலவழிக்காமல் பிள்ளை இதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்கூடாயில் இருக்கும் என் அக்கா மகன் படிவம் நான்கு படிக்கிறான். அவன் கோட்டையில் சுரங்கம் வெட்டும்போதெல்லாம் ஈயத் தாதுதான் கொட்டுகிறதாம். "வாளும் செய்ய முடியல, கவசமும் செய்ய முடியல, மதிப்பும் வெறும் ரெண்டுதான். இத வச்சிக்கிட்டு என்ன மாமா செய்யறது?" என்று கேட்டான். இவன் கேட்டது விளையாட்டில் வரும் ஈயத்தைப் பற்றி. ஆனால் இந்த நாட்டில் பிறந்த பிள்ளை ஒருவன் ஈயத்தால் என்ன பயன் என்று கேட்டால், ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மலேசியாவில் நாம் 'ஈயம்' என்று சொல்வது டின் என்ற வெள்ளீயத்தை. 'லெட்' என்பது காரீயம். வெள்ளீயம் வெள்ளி போல் வெளுத்திருக்கும்; காரீயம் கருத்துக் கனமாக இருக்கும். கூரைக்குப் போடும் 'தகரம்' பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பு. பால் டின்னும் மிலோ டின்னும் பெயரளவில்தான் டின். அவை மெல்லிய ஈயப் பூச்சுள்ள எஃகு. சில வீடுகளில் அலுமினியச் சட்டியையும் 'ஈயச் சட்டி' என்பார்கள். இத்தனை பொருளுக்கு ஒரே பெயர் இருப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோட்டைக் கணக்கு

குள்ளர் கோட்டையில் ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ஈயத்துக்கு 2. செம்புக்கும் 2. வெண்கலத்துக்கு 5, பித்தளைக்கு 7, இரும்புக்கு 10. எஃகும் தங்கமும் 30. பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் ஈயம் கடைசி வரிசையில் கைகட்டி நிற்கும். தனி ஈயத்தால் கோப்பை, வாளி, சங்கிலி, கூண்டு, பீப்பாய், மேசை, நாற்காலி எல்லாம் செய்யலாம். ஆயுதம் மட்டும் கூடாது.

சரி, 7 மதிப்பெண் வாங்கிய பித்தளை என்ன செய்கிறது? அதாலும் வாள் செய்ய முடியாது, கவசம் செய்ய முடியாது. பளபளப்பும் விலையும் உண்டு, அவ்வளவுதான். ஈயத்தைப் பார்த்து இளிக்கிற தகுதி விளையாட்டிலும் அதற்கு இல்லை.

ஈயம் செம்போடு சேரும்போதுதான் கதை மாறுகிறது. ஒரு கட்டிச் செம்பும் ஒரு கட்டி ஈயமும் உலையில் சேர்ந்தால் இரண்டு கட்டி வெண்கலம். தனித்தனியே இரண்டு மதிப்பு இருந்தவை சேர்ந்ததும் ஐந்தாகிவிடுகின்றன. ஆயுதமும் கவசமும் செய்யலாம். தரத்தில் இரும்புக்கு ஏறக்குறைய சமம். இரும்புத் தாதே கிடைக்காத மலையில் கோட்டை கட்டியவனுக்கு, பகைவன் வாசலில் வந்து நிற்கும் நாளில் உயிர் காப்பது இந்த வெண்கலம்தான். தாதாகவே போட்டாலும் சரி. செம்புத் தாது ஒன்று, ஈயத் தாது ஒன்று. எட்டு வெண்கலக் கட்டி வெளியே வரும்.

பிஸ்மத் கிடைத்தால் இன்னும் லாபம். இரண்டு செம்பு, ஒரு ஈயம், ஒரு பிஸ்மத் சேர்த்தால் நான்கு கட்டி பிஸ்மத் வெண்கலம். அதிலும் ஆயுதம் வடிக்கலாம்.

சண்டை வேண்டாம், வியாபாரம் போதும் என்பவர்களுக்குப் பியூட்டர் இருக்கிறது. மூன்று ஈயத்துக்கு ஒரு செம்பு சேர்த்தால் உயர்ரகப் பியூட்டர், மதிப்பு 5. இரண்டு ஈயத்துக்கு ஒரு செம்பு என்றால் நடுத்தரம், மதிப்பு 4. இரண்டு ஈயம், ஒரு செம்பு, ஒரு காரீயம் என்றால் மட்டரகம், மதிப்பு 3. செம்பு குறைவாகவும் ஈயம் தாராளமாகவும் இருக்கிற என் மருமகனின் கோட்டைக்கு ஏற்றது முதல் வகை. கோப்பைகள் செய்து வணிகக் கூட்டத்திடம் விற்றால் கம்பளியும் தானியமும் வந்து சேரும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஈயம் மிகக் குறைந்த சூட்டில் உருகும். எரிமலைக் குழம்பைத் தடுக்கும் மதகை ஈயத்தால் செய்தால் மதகு உருகி, குழம்பு கோட்டைக்குள் பாய்ந்துவிடும்.

இந்த எச்சரிக்கையை விளையாட்டு வருவதற்கு முன்பே நம் பாட்டிமார் அறிவார்கள். ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்கள், சொம்பில் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள். காலிச் சொம்பை நெருப்பில் வைத்தால் அடி உருகிப் போய்விடும். ஈயம் உருக 232 பாகை செல்சியஸ் போதும். செம்புக்கு 1,085 பாகை வேண்டும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பின் சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும். அதனால் சொம்பு பிழைத்துக்கொள்ளும். பாட்டி இந்த எண்களைப் படித்ததில்லை. படிக்காமலே சரியாகச் செய்தாள்.

விளையாட்டும் நிஜமும் விலகும் இடம்

செம்பும் ஈயமும் சரிபாதி என்பது விளையாட்டுக் கணக்கு. நிஜமான உலையில் அப்படிச் செய்தால் கிடைக்கும் பொருள் வாளாகாது. கீழே விழுந்தால் கண்ணாடி போல் உடையும். நடைமுறையில் நல்ல வெண்கலத்துக்குச் செம்பு பத்தில் ஒன்பது பங்கு, ஈயம் ஒரு பங்கு என்ற அளவுதான். இந்தச் சிறு பங்குதான் மெத்தென்ற செம்பை இறுகச் செய்கிறது. உருகும் சூட்டையும் குறைத்து வார்ப்பதை எளிதாக்குகிறது. சோழர் காலத்து நடராசரும் உமையும் செம்பில் கொஞ்சம் ஈயமும் காரீயமும் கலந்து வார்க்கப்பட்டவர்கள்தாம். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் அதே முறை சுவாமிமலையில் இன்றும் நடக்கிறது.

ஈயத்தைக் கூட்டினால் வேறொரு வித்தை. கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடி தெரியுமா? அதில் ஈயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கண்ணாடியே இல்லாமல், உலோகத்தைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்க வைத்துவிடுவார்கள். தவறிக் கீழே போட்டால் உடையும். பிள்ளைகள் இதை அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம். செம்புக்கும் ஈயத்துக்கும் இடையே விகிதம் மாறினால் வாளும் வரும், சிலையும் வரும், கண்ணாடியும் வரும்.

இன்னொரு விலகல் உயிர் சம்பந்தப்பட்டது. குள்ளர் கோட்டையில் காரீயக் கோப்பையில் குடித்தாலும் குள்ளனுக்கு ஒன்றும் ஆகாது. நிஜத்தில் காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்கு இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ரசச் சொம்பு வெள்ளீயமாக இருக்க வேண்டும். விலை குறைக்கக் காரீயம் கலந்த சொம்பில் புளியும் தக்காளியும் கொதித்தால் அந்தப் புளிப்பு காரீயத்தைக் கரைத்து எடுத்துவிடும். 'ஈயம்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துவது ஆபத்து என்று சொன்னது இதனால்தான்.

ஒரே அளவுக் கட்டியாக எடுத்தால் காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனம். வெள்ளைத் தாளில் காரீயத்தைத் தேய்த்தால் சாம்பல் கோடு விழும். சுத்தமான ஈயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் நெறுநெறுவென்று ஒரு சத்தம் வரும். உலோகம் படித்தவர்கள் அதை ஈயத்தின் அழுகை என்பார்கள். ஆனால் கொஞ்சமாகக் காரீயம் கலந்ததை இந்தச் சோதனைகள் காட்டிக் கொடுக்காது. எந்த உலோகம் என்று எழுதிக் கொடுக்காத கடையில் சமையலுக்குச் சொம்பு வாங்காதீர்கள்.

ஈயம் கிடைக்கும் மலை

விளையாட்டை எழுதிய சகோதரர்களின் படிப்பை ஓரிடத்தில் நான் மெச்சினேன். அவர்கள் ஈயத் தாதுவை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? கருங்கல் பாறையின் நரம்புகளிலும் ஆற்று வண்டல் படுகையிலும். இது அப்படியே நம் தீபகற்பத்தின் நிலவியல்தான். தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல்லில் பிறந்த தாது, பல யுகங்களாக மழையில் அரித்து வந்து கிந்தா சமவெளியிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் படிந்தது. தாது மண்ணைவிடக் கனமானது. அதனால் தண்ணீரில் அலசினால் மண் ஓடிவிடும், தாது தங்கிவிடும். டூலாங் தட்டைச் சுழற்றிய பெண்கள் செய்ததும், கம்பத்தின் மேல் உயர்ந்து நின்ற பலோங் மரவாய்க்கால் செய்ததும், 1913 முதல் கிந்தாவில் ஓடிய ஈயக் கப்பல்கள் செய்ததும் இந்த ஒரே வேலைதான்.

ஜொகூருக்கு இந்தக் கதையில் பெரிய பங்கில்லை. நம் மாநிலம் மிளகும் கம்பீரும் பயிரிட்டு வளர்ந்தது. பிறகு ரப்பர், அன்னாசி, செம்பனை. என்றாலும் கோத்தா திங்கி வட்டாரத்திலும் மெர்சிங் போகும் வழியில் ஜெமாலுவாங்கிலும் ஈயம் தோண்டியிருக்கிறார்கள். பத்து பகாட் அருகே ஸ்ரீ மேடானில் 1920களில் ஜப்பானியர்கள் இரும்புத் தாது வெட்டிக் கப்பலேற்றினார்கள். குள்ளர் கோட்டையில் ஒரு மலையில் ஈயம் கிடைக்கும், பக்கத்து மலையில் இரும்பு கிடைக்கும். ஜொகூரிலும் அப்படித்தான்.

கலாய் என்ற சொல்

நம் சமையலறையில் ஈயத்துக்கு இன்னொரு வேலை இருந்தது. பித்தளை அண்டாவிலும் செம்புப் பாத்திரத்திலும் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், சாப்பாடு கெட்டுவிடும். அதைத் தடுக்கப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசுவார்கள். தெருவில் "ஈயம் பூசறதே..." என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தொட்டு வைத்துத் துணியால் ஒரு சுழற்றுச் சுழற்றினால் உள்ளே வெள்ளி போல் மின்னும். ஆக, ஈயத்தைப் பார்த்து இளிக்கிற பித்தளைக்குச் சோறாக்கும் தகுதியைக் கொடுப்பதே ஈயம்தான்.

இந்தப் பூச்சுக்குக் கலாய் என்றும் பெயர். கலாய் பூசுதல், கலாய்க்காரர் என்று தமிழ்நாட்டில் சொல்வார்கள். இந்தியிலும் இதே சொல் உண்டு. இது அரபு மொழியில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லோ, 'கலா' என்று அரபு வணிகர்கள் எழுதிவைத்த ஒரு துறைமுகத்தின் பெயரால் ஏற்பட்டது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கலா எங்கே இருந்தது? மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில். கெடாதான் என்று சொல்பவர்கள் பலர். அதாவது நம் கடாரம். 1025ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திர சோழனின் கப்பல்கள் வந்து போன இடம். தஞ்சாவூர்ப் பக்கத்து அடுக்களையில் பாத்திரத்துக்குப் பூசிய பூச்சின் பெயர் நாம் வாழும் மண்ணிலிருந்து போயிருக்கலாம் என்றால், நமக்கும் இந்த உலோகத்துக்கும் உள்ள உறவு தோட்டத்துக் காலத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

விளையாட்டில் ஒரு கட்டி உலோகத்தை 500 நாணயமாக அடிக்கலாம். வாங்க விற்க அந்த நாணயம் பெரிதாக உதவுவதில்லை, அழகுக்கு அடித்துக்கொள்ளலாம். இங்கேயோ ஈயமே காசாக இருந்திருக்கிறது. பகாங்கில் தொப்பி வடிவத்தில் 'தம்பாங்' என்ற ஈயக் காசு புழங்கியது. முதலை வடிவில் வார்த்த ஈயக் கட்டிகளை நம் அருங்காட்சியகங்களில் காணலாம்.

ஒற்றை உலோகக் கோட்டை

இனி என் மருமகனிடம் நான் மெதுவாகச் சொன்ன பகுதி. குள்ளர் கோட்டையில் ஒவ்வொரு குள்ளனுக்கும் பெயர் உண்டு, மனம் உண்டு. ஒருவன் செத்தால் மற்றவன் அழுவான். நம் ஈயச் சரித்திரத்தில் அப்படிப் பெயர் எழுதி வைத்தவர்கள் குறைவு.

லாருட்டில் 1840களில் லோங் ஜாஃபார் ஈயம் தோண்டச் சீனத் தொழிலாளரை வரவழைத்தார். அந்தச் சுரங்கத்துக்காக 1861 முதல் 1874 வரை கீ ஹின், ஹாய் சான் கூட்டங்கள் வெட்டிக்கொண்டன. அதையே காரணமாக வைத்துத்தான் 1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, வெள்ளைக்காரர் ரெசிடெண்ட் பேராக்கில் கால் வைத்தார். பிறகு ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக ரயில் வேண்டியிருந்தது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர். 1885 ஜூன் 1ஆம் தேதி ஓடத் தொடங்கிய இந்த ரயில்தான் தீபகற்பத்தின் முதல் ரயில். அதற்குத் தண்டவாளம் போட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் படையினர்.

லம்பத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்; அதை மறுக்க முடியாது. மலாய் மொழியின் 'லொம்போங்' நம் வாயில் லம்பமானது. ஆனால் லம்பத்து ஈயம் துறைமுகம் போய்ச் சேர்ந்த பாதையில் தமிழன் வியர்வை இருக்கிறது. தண்டவாளத்தில், சாலையில், துறைமுகத்தில் நம்மவர்கள் வேலை செய்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியிலும் குமாஸ்தா மேசையிலும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈயத்தில் பாதிக்கு மேல் இந்த மண்ணிலிருந்து போனது. 1970களிலும் உலகின் முதலிடம் மலேசியாவுக்குத்தான்.

பிறகு 1985 அக்டோபர் 24. விலை விழாமல் இருக்க ஈயத்தை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றம், இனி வாங்கக் கையில் பணமில்லை என்று அறிவித்தது. லண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தை அன்றே நிறுத்தியது. விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. கிந்தாவில் லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஈயத்தை நம்பியிருந்த சின்னச் சின்ன ஊர்களில் இளையவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். அதில் ஒரு பகுதியினர் நம் ஜொகூர் பாருவுக்கு வந்து, அங்கிருந்து காஸ்வே தாண்டிச் சிங்கப்பூரில் வேலை தேடினார்கள். ஒரே உலோகத்தை நம்பிய கோட்டை என்ன ஆகும் என்பதை அந்த வட்டாரத்து மக்கள் கணினி இல்லாமலே பார்த்துவிட்டார்கள்.

தோண்டிய பள்ளங்கள் குட்டைகளாயின. தைப்பிங் ஏரிப் பூங்கா பழைய லம்பம்தான். சன்வே லகூன் தண்ணீர்ப் பூங்காவும் அப்படியே. பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஈயக் கப்பல் ஒன்று 1982இல் ஓட்டத்தை நிறுத்தியது. அதைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 4,500 டன் எடை. பள்ளி விடுமுறையில் ஈப்போ போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். திரையில் சுரங்கம் வெட்டுகிற பிள்ளை, அந்த இரும்பு வாளிகளின் வரிசைக்கு முன்னால் ஒரு நிமிடம் வாயடைத்து நிற்பான்.

ஈயம் எங்கே போனது?

லம்பம் மூடியதும் ஈயத்தின் வேலை தீர்ந்துவிடவில்லை. உலகில் பயன்படும் ஈயத்தில் ஏறத்தாழ பாதி இப்போது சால்டராகப் போகிறது. மின்னணுப் பலகையில் சில்லுகளை ஒட்டவைக்கும் பற்று அது. முன்பு அதில் ஈயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு. காரீயத்தின் நஞ்சுக்கு அஞ்சி ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் அதற்குத் தடை போட்டது. இன்று பரவலாகப் புழங்கும் ஒரு கலவையில் ஈயம் 96.5 விழுக்காடு, வெள்ளி 3, செம்பு 0.5. குள்ளர் கோட்டை வெளிவந்ததும் அதே ஆண்டு ஆகஸ்டில்தான். சால்டரிலிருந்து காரீயம் விலகி ஈயத்தின் பங்கு கூடிய ஆண்டில், ஈயத்துக்கு 2 மதிப்பெண் போட்ட விளையாட்டு பிறந்திருக்கிறது.

செனாய், பாசிர் கூடாங், மூவார் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் எத்தனை பேர் இந்தப் பலகைகளோடு மல்லுக்கட்டுகிறார்கள்! விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் அம்மாக்களைப் பாருங்கள். இரவு முழுவதும் பூதக்கண்ணாடிக்கு அடியில் சால்டர் புள்ளிகளைச் சரிபார்த்துவிட்டு வீடு திரும்பும் அக்காக்களையும் பாருங்கள். என் அக்காவும் அவர்களில் ஒருத்தியாகப் பதினைந்து ஆண்டு உழைத்தவள். மகன் விளையாடும் கணினியைத் திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கான ஈயப் புள்ளிகள். ஒரு புள்ளி விட்டுப் போனாலும் கோட்டையும் இல்லை, குள்ளனும் இல்லை. இதைச் சொன்னபோது அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

விளையாடுகிற தம்பி தங்கைகளுக்குச் சுருக்கமாக: ஈயத் தாது கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். செம்பு இருந்தால் பாதி ஈயத்தை வெண்கலத்துக்கு ஒதுக்கி முதலில் வீரர்களுக்குக் கவசம் செய்யுங்கள். அடுத்து உயர்ரகப் பியூட்டரில் கோப்பை செய்து வணிகத்துக்கு வையுங்கள். ஒரு சில கட்டிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். ஈயத்தில்தான் பொருள் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிரபு எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. எரிமலைக் குழம்புப் பக்கம் மட்டும் ஈயத்தைக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்து மலையில் இரும்பு இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருங்கள். ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேலை. பிள்ளை இந்த விளையாட்டில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய், "உன் கோட்டையில என்ன உலோகம் கிடைக்குது?" என்று கேளுங்கள். பரணில் பழைய ஈயச் சொம்பு இருந்தால் இறக்கி வந்து அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிடாதீர்கள். சொம்பு சுத்த ஈயம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு ரசம் வையுங்கள். தண்ணீரை ஊற்றிய பிறகு அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த வாரம் இரும்பு. ஸ்ரீ மேடானுக்கு ஒருமுறை போய்வந்துவிட்டு எழுதுகிறேன்.